தினமும் ஏழு மணிக்கு நின்ற மெஷின்

2004-ஆம் வருடம், ஆடி மாதம். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு நூல் மில்லில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மில்லுக்கும் கடைகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்போம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் தூங்கினால்கூட நிஜமாகத் தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது நல்ல குணம் என்று எங்கள் முதலாளி சொல்வார். நானும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த மில்லில் இருபத்து நான்கு நூற்பு மெஷின்கள். எந்த மெஷின் எந்த நேரத்தில் நின்று கிடந்தது என்று மணிக்கு ஒரு தடவை சுற்றிவந்து நோட்டில் குறிக்க ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினெட்டு வருடம் மெஷினில் நின்று வேலை பார்த்தவர். காலில் நரம்பு சுருண்டுகொண்டு, ஒரே இடத்தில் நிற்க முடியாமல் போனதால் இந்த நடக்கிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். மகள் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மில் முதலாளி வெளிநாடு போய் வந்தபோது ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மூடியைத் திறந்தால் கீழே பொடிப்பொடியாக எழுத்துகள், மேலே தொடுதிரை, ஓரத்தில் செருகிவைக்க ஒரு பிளாஸ்டிக் குச்சி. உள்ளே ஓடியது லினக்ஸ். நோட்டுக்குப் பதிலாக இதில் குறித்தால் சாயங்காலமே அறிக்கை வந்துவிடும் என்பது அவர் ஆசை. அந்த வேலை என்னிடம் வந்தது.

லினக்ஸில் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்தால் அதுவே ஒரு சின்ன புரோகிராம் ஆகிவிடும். ஷெல் ஸ்கிரிப்ட் என்பார்கள். இரண்டே நாளில் ஒன்று எழுதினேன். கறுப்புத் திரையில் 'மெஷின் நம்பர்?' என்று அது கேட்கும். அக்கா எண்ணைத் தட்டினால், நேரத்தையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

மில்லில் யாருக்கும் அந்த டப்பாவைப் பிடிக்கவில்லை. படம் பிடிக்கிறது, பேசுவதைப் பதிவு செய்கிறது, ஆளைக் குறைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். மெஷின் சத்தத்தில் அங்கே எல்லாரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். என் முதுகுக்குப் பின்னால் கைகள் என்ன பேசுகின்றன என்று எனக்கும் சந்தேகம்தான்.

ஒரு மாதம் ஓடியது. அக்காவுக்கு அந்தப் பொடி எழுத்துகள் பெரும் பாடாக இருந்தன. பதினொன்று நூற்றுப் பதினொன்றாகிவிடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி, பஞ்சு ஒட்டிய விரலால் தடவித் தடவித் தட்டுவார். சரி, கறுப்புத் திரையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஸ்கிரிப்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு ஜன்னலைப் பொருத்தினேன். திரை முழுக்கப் பெரிய பெரிய பட்டன்கள், வரிசைக்கு மூன்று, எட்டு வரிசை. ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை எண்கள். நின்ற மெஷினின் எண்ணைக் குச்சியால் ஒரு தடவை தொட்டால் போதும். பதிவாகி, ஜன்னல் மூடி உடனே மறுபடி திறக்கும். திரை ஒரு தடவை சிமிட்டுவதுபோல இருக்கும்.

'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி ஜன்னலும் முதலில் வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஒரே தொடுதலில் வேலை முடிகிறது என்று எல்லாரிடமும் காட்டிக்கொள்ள ஆசை. மில் முதலாளி தோளில் தட்டினார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

புது ஜன்னல் வந்து பத்து நாள் ஆகியிருக்கும். மேனேஜர் போன் செய்தார். இரண்டாம் நம்பர் மெஷின் தினமும் காலையில், ஷிப்ட் ஆரம்பிக்கும் ஏழு மணிக்கு நின்று கிடப்பதாக அறிக்கை சொல்கிறதாம். ஃபிட்டரை விட்டுப் பிரித்துப் பார்த்தும் கோளாறு எதுவும் இல்லையாம். அதைப் பார்க்கிற பெண்ணுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணோ மெஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை, அந்த அக்காதான் வேண்டுமென்றே குறிக்கிறார் என்று சாதிக்கிறாளாம்.

இருவருக்கும் மில் பஸ்ஸில் சண்டை நடந்திருந்தது. அக்கா காலை நீட்டி உட்காருகிற முன்சீட்டில் அந்தப் பெண் கூடையை வைத்துவிட்டாள். வாய் தடித்து, பஸ்ஸே வேடிக்கை பார்த்திருக்கிறது. அது நடந்ததும் அந்தப் பத்து நாளுக்கு முன்னால்தான். மேனேஜர் இதைச் சொன்னதுமே என் மூக்கு விடைத்துவிட்டது.

பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் காலையில் முதல் பதிவு இரண்டு. அக்கா வந்த நாளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்கா லீவு போட்டிருந்த ஒரே ஒரு நாளில் வேறொருவர் எடுத்திருந்தார்; அன்றைக்கு மட்டும் இரண்டு இல்லை. அது போதாதென்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. புரோகிராம் திறந்த நேரத்துக்கும் அந்தப் பதிவுக்கும் நடுவே நான்கைந்து நொடிதான் இடைவெளி. டப்பாவை வாங்குவது ஆபீஸ் வாசலில். அங்கிருந்து இரண்டாம் மெஷினுக்கு நடக்க ஒரு நிமிடமாவது ஆகும். ஆக, மெஷினைப் பார்க்காமலேயே அமுக்குகிறார்!

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். துப்பறிந்துவிட்ட பெருமை. வியாழக்கிழமை மேனேஜரிடம் காகிதத்தை விரித்து, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார், கைதான் பொய் சொல்லும் என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

கறுப்புத் திரை இருந்த அந்த ஒரு மாதப் பதிவுகளும் என்னிடம்தான் இருந்தன. அதில் ஒருநாள்கூடக் காலையில் இரண்டாம் நம்பர் கிடையாது. அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை. அவர் தப்பு செய்ததற்கு ஆதாரம் தேடினேனே ஒழிய, செய்யாததற்குத் தேடவில்லை.

அன்றைக்கே மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் இருந்தேன். "சாமி சத்தியமா நான் ரெண்ட அமுக்கல சார். அது ஓடுறப்ப நான் ஏன் அமுக்கப் போறேன்?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. பிடிபட்டவர் முகம் அப்படித்தான் வெளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளியும் சனியும் அதே ஏழு மணிக்கு அதே இரண்டு. எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று எனக்குக் கோபமே வந்தது. ஞாயிறு மில்லுக்கு விடுமுறை. திங்கட்கிழமை கையும் களவுமாகப் பிடிப்போம், பிடித்ததும் அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். கடிதம்கூட டைப் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை ஆறரைக்கே போய்விட்டேன். ஆபீஸ் வாசலுக்கு எதிரே நூல் சோதிக்கிற கண்ணாடி அறை உண்டு. அதற்குள் விளக்கைப் போடாமல் நானும் மேனேஜரும் நின்றோம். அக்கா அமுக்கியதும் மேனேஜர் போய்ப் பிடிப்பதாக ஏற்பாடு. வெளியே ஆடிக் காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா வந்தார். நெற்றியில் திருநீறு, தலையில் பஞ்சு விழாமல் இருக்கத் துணி. டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தார். குச்சி தொலைந்துவிடாமல் இருக்க அதில் ஒரு கறுப்பு நூலைக் கட்டி விரலில் சுற்றியிருந்தார். புரோகிராமைத் திறந்துவிட்டு, கண்ணை ஒரு வினாடி மூடினார். பிறகு குச்சியை எடுத்து, திரையின் மேல்பக்கம், நட்டநடுவில், பொறுமையாக ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.

பக்கத்தில் மேனேஜர் என் கையைக் கிள்ளினார். "பாத்தீங்களா தம்பி, உள்ள காலே வைக்கல, அமுக்கிட்டா!"

அவருக்குத் தெரிந்தது குச்சி திரையில் பட்டது மட்டும்தான். எனக்கு அந்தச் சுழி முழுதாகத் தெரிந்தது. மேலே இருப்பது முதல் வரிசை. ஒன்று, இரண்டு, மூன்று. நட்டநடுவில் இரண்டு. நான்தான் விரல் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று பட்டனைப் பெரிதாகப் போட்டிருந்தேனே, ஒரு சுழி முழுக்க அதற்குள் அடங்கும். உள்ளேயே ஆரம்பித்து உள்ளேயே குச்சியை எடுத்தால் கம்ப்யூட்டருக்கு அது ஒரு அமுக்கல். கறுப்புத் திரையில் எங்கே கிறுக்கினாலும் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு மாதமும் அவர் சுழி போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார். நோட்டில் பதிவு எழுதிய காலத்திலும் அப்படித்தான். தலையில் சுழி இல்லாமல் ஒரு பக்கத்தை ஆரம்பிக்க அவருக்குத் தெரியாது.

என் வீட்டில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினால்கூட என் அம்மா மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டுத்தான் எழுதுவார். பரீட்சைத் தாளில் நானே போட்டிருக்கிறேன். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் கத்தினார். ஷிப்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாம் மெஷின் பெண், "அன்னைக்கே சொன்னேன்ல?" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஆபீஸ் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டப்பா என் கைக்கு வந்தது. சோதித்துவிட்டுத் தருகிறேன் என்று அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே திரும்பப் போனேன்.

அந்த அறையில் நான் செய்ததை இதுவரை வெளியே சொன்னதில்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கிரிப்டில் மூன்று வரியை மாற்றி, பட்டன்களைக் கொஞ்சம் கீழே இறக்கி, மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டேன். இனி யார் எந்தச் சுழி போட்டாலும் ஒன்றும் பதிவாகாது. கோளாறு தீர்ந்தது.

மாற்றி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் மண்டையில் ஏறியது. நாளையிலிருந்து இரண்டாம் நம்பர் வராது. அக்கா போனதும் நின்றுவிட்டது பார் என்பார்கள். அவர்மேல் விழுந்த பழிக்கு என் மூன்று வரிகளே கடைசி ஆணியாகிவிடும். என் பெயர் எங்குமே வராது. உண்மையைச் சொல்கிறேன், அதை நினைத்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, நிம்மதி. முதலாளியின் இன்னொரு மில்லிலும் இதே புரோகிராமைப் போடுவதாகப் பேச்சு இருந்தது. அதுவும் கண்முன் வந்து போனது.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. அக்கா. விரலில் சுற்றியிருந்த நூலோடு குச்சியை நீட்டினார். வாங்க மறந்திருந்தேன்.

"இது எங்கிட்டயே இருந்துருச்சு தம்பி" என்றார். கொடுத்துவிட்டும் போகவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. நான் அதுல எங்கனதான் தப்பா அமுக்குனேன்? சார் இம்புட்டு உறுதியாச் சொல்றாரு, நீங்களும் படிச்சவுக சொல்றீக. எனக்குத் தெரியாமயே என் கை அமுக்குதோ என்னமோ. மக கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அவர் என்மேல் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருந்தால், நீ செய்த பெட்டியில்தான் கோளாறு என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால், நான் வீம்புக்காவது வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். மில் முழுக்கச் சந்தேகப்பட்ட அந்த டப்பாவை அவர் ஒருத்தர் மட்டும் நம்பியிருந்தார். அதைச் செய்தவனையும் சேர்த்து.

உட்காருங்கள் அக்கா என்றேன். பழைய ஸ்கிரிப்டைத் திரும்ப ஏற்றி, டப்பாவை அவர் கையில் கொடுத்து, காலையில் செய்ததை அப்படியே செய்யச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சுழியைப் போட்டார். திரை சிமிட்டியது. பதிவுக் கோப்பைத் திறந்து காட்டினேன். கடைசி வரியில் அந்த நிமிடத்து நேரம், பக்கத்தில் இரண்டு.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது சிமிட்டுறது…" என்று நிறுத்தினார். "சுழி போட்டதும் ஒருக்கா சிமிட்டுமா, பிள்ளையாரு ஏத்துக்கிட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன் தம்பி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு உங்கள் கையில் இல்லை அக்கா, என் பட்டனில், என்றேன். அவருக்கு முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அது இன்னும் சுட்டது.

பிறகு மேனேஜர் அறைக்குப் போனோம். அவரை ஒரு சுழி போடச் சொன்னேன். அவருக்கும் இரண்டு விழுந்தது. கறுப்புத் திரை காலத்துக் கோப்பையும் திறந்து காட்டினேன். இரண்டாம் மெஷின் பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார்கள். மேனேஜர் இரண்டு கோப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "காலையில கூட நின்னு பாத்தீகளே, அப்பவே தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

தெரிந்தது சார் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளில் மிகவும் கனமானது அதுதான். அவர் டைப் அடித்த கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். என்னை மேலே எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கொடுத்த எந்த அறிக்கையையும் ஒரு முறை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அது எனக்கு வேண்டியதுதான். இன்னொரு மில் வேலையும் எங்களுக்கு வரவில்லை.

இரண்டாம் மெஷின் பெண் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவள் மெமோவை ரத்து செய்தார்கள். பஸ்ஸில் இருவரும் அப்புறமும் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன். மாற்றிய அந்த மூன்று வரிகளோடு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்; அக்கா அதே வேலையில் தொடர்ந்தார். ஆனால் ஒரு பழக்கம் புதிதாக வந்துவிட்டது. எந்த மெஷின் எண்ணைத் தொடுவதற்கு முன்னாலும், அதைப் பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுவார். பார்த்துக்கொள், உன் மெஷின் நின்றது, அதனால்தான் தொடுகிறேன் என்று கையாலேயே சொல்லிவிட்டுத்தான் தொடுவார். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஒரே தொடுதலில் வேலை முடிகிற என் புரோகிராமின் வேகம் அதோடு போயிற்று.

சில வாரம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, கேன்டீன் பக்கம் அவரைத் தனியாகப் பார்த்தேன். சரியாக மன்னிப்புக் கேட்கவில்லையே என்று மனதில் கிடந்தது. கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க என்னயச் சந்தேகப்பட்டது கூட இருக்கட்டும் தம்பி. அந்த நாலு நாளும் நான் என் கையவே சந்தேகப்பட்டேன். சோத்தப் பெசையுறப்பகூட இந்தக் கை எனக்குத் தெரியாம வேற என்னெல்லாம் செய்யுதோன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதுதான் இன்னும் போகல."

இன்றைக்கும் ஏதாவது தப்பாக நடந்துவிட்டது என்று யாராவது போன் செய்தால், நீங்கள் என்ன அமுக்கினீர்கள் என்று நான் கேட்பதில்லை. நேரில் போய், முதலிலிருந்து எப்படிச் செய்வீர்களோ அப்படியே ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று பக்கத்தில் நிற்கிறேன், ஏனென்றால் அடுத்தவர்மேல் படுகிற சந்தேகம் என்னோடு முடிவதில்லை, அவருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று அந்த அக்காவின் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.